ஒண்டாத்தான்

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சுவர் ஈரத்தைப் பற்றித்தான். இத்தாலியில், இந்தப் பலெர்மோ வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த சனம். அங்கே எந்நேரமும் மழை, சுவரெல்லாம் பூஞ்சணம், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும் என்று யாரோ பயமுறுத்தி விட்டிருப்பார்கள். விற்கிறவனின் வாயை நம்பாதீர்கள், வாங்குமுன் உங்கள் ஆளை அனுப்பி வீட்டைப் பரிசோதியுங்கள் என்பேன். விற்கிறவன் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேட்காத எல்லாவற்றையும் தானாக வந்து ஒப்புவிப்பான் என்று எதிர்பார்க்கவும் கூடாது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஸ்ருதி பிள்ளை, இதையெல்லாம் டொத்தோரெஸ்ஸாவுக்கு அப்படியே சொல்லுங்கள். அவர் அரசாங்கத்தின் வழக்கறிஞர், எதையும் இரண்டு தரம் கேட்கிற பெண். பக்கத்தில் இருக்கிற என் வழக்கறிஞர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறார். வாயை மூடச் சொல்கிறார். நான் ஏன் மூட வேண்டும்? நீங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறீர்கள், எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு உங்களுக்கு முழுக்க விளங்காமல் போகலாம். அதனால் எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். மொழிபெயர்க்கிற வேலையின் கஷ்டம் எனக்கும் தெரியும்.

நான் சிவபாலன். லிபெர்த்தாத் தெருவில் பணக்காரர் இருக்கும் ஒரு கட்டடத்தில் வாசல் பார்க்கிறேன். ஞாயிறு மத்தியானங்களில் என் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் எங்கள் சனம் வந்து நிற்கும். ஊரில் படித்த இங்கிலிஷ் எனக்குக் கைகொடுத்தது. என் ஒரே மகள் துசானி இங்கிலாந்தில் கொவென்றியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்காகத் தேடி அறிந்தவற்றை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாட்டுப் பிரஜையாக இல்லாவிட்டால் வீடு வாங்க முடியுமா? முடியும், போய் இருப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். சில வீடுகளில் நிலம் வேறொருவருடையதாமே? ஓம், அப்படியானால் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள். இதைக் கேட்ட ஏர்னஸ்ற் என்பவர் தலையில் கைவைத்துவிட்டார். "அப்ப வருசம் முடிஞ்சா வீட்டைத் தலையிலை தூக்கிக்கொண்டு போகச் சொல்லுவாங்களோ?" என்று கேட்டார். எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். யாரிடமும் ஒரு சதம் நான் வாங்கியதில்லை. மரியாதையான ஆள் என்றுதான் எனக்குப் பெயர். எங்கே வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

இனி அண்ணன். அம்பலவாணர். எனக்குத் தகப்பன் மாதிரி என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். என்னைப் பலெர்மோவுக்குக் கூப்பிட்டவர் அவர். லிபெர்த்தாவில் சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு பணக்காரக் கிழவிக்குச் சமைத்துப்போட்டு, நோயில் விழுந்தபோது தூக்கி இருத்தி, கண்ணை மூடும்வரை பார்த்தவர். கலியாணம் கட்டவில்லை. அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் சின்ன வீட்டின் சமையலறையில், குசினியில், மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பார். விடியற்காலையில் பலாரோச் சந்தைக்காரர் தட்டி எழுப்பும் சத்தத்தோடு எழும்பி எல்லோருக்கும் தேத்தண்ணி வைப்பார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு களைப்பு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சிஞ்ஞோரா செத்ததும், இனி எல்லோரும் துசானியிடம் போய்விடுவோம் என்று அண்ணன்தான் தொடங்கினார். அங்கே இருப்பதற்கான அனுமதியை நாங்கள் முன்பே எடுத்து வைத்திருந்தோம். அவருடைய சேமிப்பும் என்னுடையதும் சேர்ந்து, வங்கிக் கடன் இல்லாமல், கொவென்றியில் ஒரு செங்கல் வீடு. பின்வளவில் ஒரு அப்பிள் மரம். கீழே ஒரு அறை, மேலே இரண்டு. என் வாழ்க்கையில் எனக்கென்று கதவு இருந்த வீடு அதுவரை இருந்ததில்லை. வேலை செய்கிற கட்டடத்தில் எல்லாக் கதவின் திறப்பும் சாவிக்கொத்தாக என்னிடம் இருக்கிறது, ஒன்றும் என்னுடையதில்லை. அந்த வீட்டின் படத்தைப் பார்த்த அன்று எனக்கு நெஞ்சு இனித்தது, அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் இங்கிலாந்து வழக்கறிஞர் ஒரு பெண். தொலைபேசியில் கதைத்தார். அண்ணனுக்கு இங்கிலிஷ் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் தெரியாது. நான் குசினி மேசையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அப்போதுதான் அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டார். நீங்கள் இருவரும் ஜொயின்ற் ரெனன்ற்ஸ் ஆக வாங்குகிறீர்களா, ரெனன்ற்ஸ் இன் கொமன் ஆக வாங்குகிறீர்களா?

அண்ணன் காதில் ரெனன்ற் என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது. முகம் கறுத்துவிட்டது.

"டேய் பாலன், ரெனன்ற் எண்டா வாடகைக்கு இருக்கிறவனெல்லோ? நாங்கள் முழுக்காசும் குடுத்து வாங்கிறம். எங்களை ஏன் இவ வாடகைக்காரர் எண்டுறா? ஏமாத்துறாவோ?"

"இல்லை அண்ணை, அது அவையின்ரை பழைய சொல்லு. வாடகை இல்லை."

"பின்னை என்ன கேக்கிறா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ஒண்டா வாங்கிறீங்களோ, பிரிச்சு வாங்கிறீங்களோ எண்டு கேக்கிறா," என்றேன்.

அண்ணன் சிரித்துவிட்டார். "இதென்ன விசர்க் கேள்வி. அண்ணன் தம்பியைப் பாத்துக் கேக்கிற கேள்வியே இது? ஒண்டாத்தான் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அந்தப் பெண் அண்ணனுக்கு விளங்கியதா என்று மறுபடி கேட்டார். விளங்கியது என்றேன். அண்ணன் போனுக்குக் கிட்டக் குனிந்து, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், "யெஸ் யெஸ், ருகெதர்," என்றார். அவர் வாயால் சொன்னதுதான். நான் திணிக்கவில்லை. எங்கள் சனத்தில் எந்தச் சகோதரங்களிடமும் போய் ஒன்றாகவா பிரித்தா என்று கேட்டுப் பாருங்கள். பிரித்து என்று சொல்லக் கூச்சப்படுவார்கள்.

அந்தச் சொல்லின் முழுப்பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒன்றாக வாங்கினால் உன் பாதி, என் பாதி என்று ஒன்று கிடையாது. ஒருவர் செத்தால் முழு வீடும் உயிரோடு இருப்பவருக்கு. உயில் எழுதி வைத்தாலும் செல்லாது. பிரித்து வாங்கினால் அவரவர் பங்கு அவரவர் விரும்பியவருக்குப் போகும். பெரும்பாலான புருஷன் பெண்சாதி ஒன்றாகத்தான் வாங்குவார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு வந்தது பயம். தயவுசெய்து அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இதயக் குழாய் அடைத்து என்னை ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தவர்கள். அண்ணன் என்னைவிட மூத்தவர், ஆனால் கல் மாதிரி. நான்தான் முதலில் போவேன். நான் போனால் முழு வீடும் அண்ணனுக்கு. என் குகனேஸ்வரி புருஷனும் இல்லாமல் வீடும் இல்லாமல் நிற்பாள். அண்ணன் அவளைத் தெருவில் விடமாட்டார் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, றோசமலர் வரும்வரைக்கும்.

றோசமலர் பாஷையூர்ப் பக்கத்து ஆள், வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பெண், புருஷன் இல்லை. மொண்டெல்லோவில் கோடைகால வீடுகளைத் துப்புரவாக்குகிற வேலை. அண்ணன் அவளுக்கு மீன்குழம்பு கட்டிக்கொண்டு போவது எங்களுக்குத் தெரியும். சும்மா இரக்கம் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இந்த வயசிலை வெக்கமாத்தான் கிடக்கு. வீடு கைக்கு வந்ததும் றோசமலரைக் கலியாணம் எழுதுவம் எண்டு இருக்கிறன். அங்கை கூட்டிக்கொண்டு போவம், என்ன?"

குகனேஸ்வரி கையைத் தட்டிச் சிரித்தாள். "அப்பாடா, இப்பவாவது வாய் திறந்தியளே அத்தான். நான் எப்பவோ மோந்து பிடிச்சிட்டன்."

நானும் சிரித்தேன். என் அப்பிள் மரத்தடியில் அந்தப் பெண் உடுப்புக் காயப்போடுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் செத்தால் வீடு அண்ணனுக்கு, அண்ணனுக்குப் பிறகு அவளுக்கு, அவளுக்குப் பிறகு ஆருக்கோ.

அன்றிலிருந்து அண்ணனைக் கவனிக்கத் தொடங்கினேன். "குளிசை எடுத்தனியோ?" என்று என் இதய மாத்திரையைப் பற்றிக் காலையும் மாலையும் கேட்பார். முன்பும் கேட்டவர்தான். ஆனால் இப்போது அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரி விழுந்தது. படியேறி வந்தால் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார். இருதய டொக்டரிடம் தானும் வருவேன் என்று அடம்பிடித்தார். டொக்டரிடம் என்னைக் காட்டி, "குவாந்தோ, டொத்தோரே? எவ்வளவு காலம்?" என்று கேட்டார். இந்தக் குளிசையை எவ்வளவு காலம் போட வேண்டும் என்று கேட்டதாகப் பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவர் வைத்துத் தந்த தேத்தண்ணியைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

"என்னப்பா, ஊத்திப்போட்டியள்?" என்றாள் குகனேஸ்வரி.

"இனிப்புக் கூட."

"அவர் சீனியே போடேல்லை. உங்களுக்காண்டி எங்கள் எல்லாருக்கும் சீனியை நிப்பாட்டிப்போட்டார் மனுசன். உங்களிலை அவருக்கு உயிர்."

அவர் கண் என் உயிரில்தான் இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஸ்ருதி பிள்ளை, நீங்கள் இதை மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்கிறீர்கள். பார்க்கலாம். பயந்த ஒரு மனிதனின் முகம் இது.

வீடு எப்போது நம்முடையதாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பொறுமையாகச் சொல்வேன். விலை பேசி ஒத்துக்கொண்டால் மட்டும் ஒன்றும் ஆகாது, எவனும் பின்வாங்கலாம். இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்டால் இனிப் பின்வாங்க முடியாது, ஆனால் வீடு இன்னும் உன் கையில் இல்லை. பிறகு ஒரு நாள் குறித்துக் காசு முழுக்கப் போய்த் திறப்பு கைக்கு வரும். அதுதான் முடிவு. அந்த இடைப்பட்ட நாட்கள் ஆபத்தானவை, கவனமாக இருங்கள் என்பேன்.

நானும் கவனமாக இருந்தேன். வாங்குகிறவரில் ஒருவர் இடையில் செத்துவிட்டால் பெரிய தலையிடி. அந்த நாட்களில் அண்ணனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் பதறினேன். சந்தைச் சாமான்களை நான் தூக்கினேன். ஒரு பெடியனின் மோட்டர் சைக்கிளில் ஏறி மொண்டெல்லோவுக்குப் போகப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கினேன். ஏர்னஸ்ற் வந்து பார்த்துவிட்டு, "இப்பிடியொரு தம்பி ஆருக்குக் கிடைக்கும்?" என்று கண் கலங்கினார். அண்ணன் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு துசானியின் கைக்கு வந்தது. போனில் வீடு முழுக்கக் காட்டினாள். "பெரியப்பா, குசினியைப் பாருங்கோ, கே பெல்லா, என்ன வடிவு, நீங்கள் சமைக்க எவ்வளவு இடம்!" என்றாள். அண்ணன் அழுதார். என் தோளில் சாய்ந்து அழுதார். இனி நேர்த்திக்கடனை முடிக்க வேண்டும் என்றார்.

டொத்தோரெஸ்ஸாவுக்கு விளக்கத் தேவையில்லை, அவர் இந்த ஊர். உங்களுக்குச் சொல்கிறேன், பிள்ளை. நாங்கள் சைவச் சனம், ஆனாலும் வேலைக்கு, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, எல்லாவற்றுக்கும் இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்துகொண்டு மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் வெறுங்காலோடு ஏறுவோம். வீடு சரிவந்தால் இருவரும் நடந்து வருகிறோம் என்று அண்ணன் அம்மாளுக்குச் சொல்லி வைத்திருந்தார். குகனேஸ்வரியும் றோசமலரும் வருவதாக இருந்தது. அண்ணன் தம்பியின் நேர்த்தி, நாங்கள் மட்டும் போகிறோம் என்று நான் சொன்னேன். ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை.

காலை வெயில் சுடத் தொடங்கவில்லை. பழைய கல்பாதையில் ஏறினோம். அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் நின்றார். தனக்காக இல்லை, எனக்காக.

"மெதுவா வா. நெஞ்சு நோகுதோ?"

"இல்லை அண்ணை."

"அங்கை போனதும் நீயும் குகனேசும் கீழறையிலை படுங்கோ. நீ படியேறக் கூடாது. நானும் றோசமலரும் மேலை இருக்கிறம்."

அறைகளைக்கூடப் பங்கிட்டுவிட்டார் பாருங்கள்.

மேல் வளைவு ஒன்றில் இடுப்புக்கும் கீழான ஒரு மதில் உண்டு. அதற்கப்பால் பாறை, கீழே துறைமுகம். அண்ணனின் உள்ளங்காலில் போத்தல் ஓடு குத்திவிட்டது. மதிலில் ஏறிக் குந்தி, முதுகைக் கடலுக்குக் கொடுத்து, காலைத் தூக்கிப் பார்த்தார். வயது போன கண், ஓடு தெரியவில்லை. நான் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து பாதத்தைக் கையில் எடுத்தேன்.

"சீ, விடடா. நீ ஏன் என்ரை காலைப் பிடிக்கிறாய்? குனியாதை, நெஞ்சுக்குக் கூடாது."

ஓட்டை எடுத்துவிட்டேன். இரத்தம் கொஞ்சம் வந்தது, என் சேட்டில் துடைத்தேன். மற்றக் காலையும் பார்க்கிறேன் என்றேன். காட்டினார். இரண்டு பாதங்களும் என் கையில் இருந்தன. எழும்பி நின்றேன். அவ்வளவுதான் செய்தது. எழும்பும்போது கைகளும் அவற்றில் இருந்த பாதங்களும் சேர்ந்து எழும்பின. அண்ணன் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, நான் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், என்னைத் தாங்கிப் பிடிப்பதற்காகக் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை.

கீழ் வளைவில் நாயோடு வந்த ஒரு தம்பதி இதைப் பார்த்ததாக டொத்தோரெஸ்ஸா சொல்கிறார். பார்த்திருக்கலாம், அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

அதன்பிறகு நான் மலையேறினேன். நேர்த்தியைப் பாதியில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலையில் இருக்கிற குகைக்கோயிலுக்குள் வரிசையில் நின்று அம்மாளைக் கும்பிட்டு, அண்ணனுக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்தி, வெளியே வந்து ஒரு கோப்பி குடித்தேன். அவ்வளவு மாதமும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியிருந்தது. பிறகுதான் பொலிசைக் கூப்பிட்டேன். அண்ணன் எனக்கு முன்னால் நடந்தவர், காணவில்லை, தேடித் தாருங்கள் என்றேன்.

பாறையடியில் கண்டெடுத்த உடலைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி வராந்தாவில் குகனேஸ்வரி விழுந்து புரண்டு அழுதாள். றோசமலர் அழவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாலை வந்த நீங்கள் அவரைக் காணேல்லை எண்டு ஏன் தேடேல்லை? ஏன் மேலை போனனீங்கள்?"

"நேர்த்தி," என்றேன்.

"ஆரின்ரை நேர்த்தி?" என்று கேட்டாள். அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று தெரியும். கோபமில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் வந்திருப்பேன்.

இப்போது டொத்தோரெஸ்ஸா கடைசியாக ஒன்று கேட்கிறார். இங்கிலாந்து வழக்கறிஞரிடம் இவர்கள் கதைத்திருக்கிறார்கள். ஒன்றாக வாங்குவதன் பொருளை முதல் அழைப்பிலேயே தான் விளக்கியதாகவும், எப்போது வேண்டுமானாலும் இருவரில் ஒருவர் மற்றவருக்கு எழுத்தில் ஒரு வரி அறிவித்தால் போதும், மற்றவரின் சம்மதம் கூட வேண்டாம், பங்கு பிரிந்துவிடும் என்று சொன்னதாகவும் அந்தப் பெண் கூறியிருக்கிறார். அது எனக்குக் கேட்டதா என்று டொத்தோரெஸ்ஸா இரண்டாம் தரமாகக் கேட்கிறார்.

கேட்டது. தெளிவாகக் கேட்டது. குசினி மேசையில், அண்ணன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பொருள் பிறகுதான் விளங்கியது என்று சொன்னேன் அல்லவா, அதை வெட்டிவிடுங்கள்.

வழக்கறிஞர் மறுபடி காலை மிதிக்கிறார். விடுங்கள், ஐயா.

உனக்கு வந்தது பயம்தான் என்றால் அந்த ஒரு வரியை எழுதிக் குசினிக்குள் அண்ணனிடம் நீட்டியிருக்கலாமே என்கிறார் டொத்தோரெஸ்ஸா. வாஸ்தவம். எழுதியிருந்தால் பயம் அன்றோடு தீர்ந்திருக்கும். நான் எப்போது செத்தாலும் என் பாதி குகனேஸ்வரிக்குப் போயிருக்கும், அண்ணனின் கையால் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்திருப்பேன், அவரும் இன்றைக்கு இருந்திருப்பார். இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், பிள்ளை, பலமுறை யோசித்தேன். ஆனால் எழுதியிருந்தால் வீட்டில் பாதி அண்ணனுடையதாகப் போயிருக்குமே.